மயிலாத்தா டீக்கடை, முதல் நிலை மரபுச் சின்னம்

மாநில நில உபயோகத் திட்டமிடல் மற்றும் மரபுரிமைப் பாதுகாப்புத் துறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுப்புல வெச்ச பால் பொங்கி வழிஞ்சிரும். அந்தத் துறைதான் போன ஆவணி மாசம் என்ர டீக்கடையைக் கொண்டுபோயி கோட்டை, கல் மண்டபம் இதுகளோட வரிசையில வெச்சுது. கூரை தகரம். செவுரு பாதி ஹாலோ பிளாக், மீதி யாரோ காதுகுத்துக்கு அடிச்ச பழைய ஃபிளெக்ஸ் பேனர். இதுக்கு முதல் நிலை மரபுச் சின்னம்னு பட்டயம். சிரிக்கறதா, தலையில அடிச்சுக்கறதான்னு எனக்கே தெரியலை.

நான் மயிலாத்தா. கோயமுத்தூர்ல, மூடிப்போன ஒரு பஞ்சு மில்லுக்குப் பக்கத்துல இருபத்தெட்டு வருசமா கடை வெச்சிருக்கறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில் ஆளுகளுக்கு வரிசையாக் கட்டின லைன் வீடுக, மொத்தம் நாப்பத்திரண்டு. மில்லு போச்சு, மொதலாளி போனான், கோன் சுத்தற மிசினைக் கூடப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு. சனங்க மட்டும் போகலை. எங்க போவாங்க? பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டாம், பார்சல் ஆகாசத்துல வருது, ஆனா லைன் வீட்டுல மழை பேஞ்சா ஒழுகற தண்ணியை இன்னும் போசி, குண்டான் வெச்சுத்தான் புடிக்கறாங்க.

என்ர கடையில இருக்கறது கரி பாய்லர். பித்தளை. விடியக்காலையில கரியைப் போட்டு, ஊதி, விசிறி, அது கனகனன்னு புடிக்கறதுக்குள்ள பாதிப் புகை கூரைக்கும் பாதி எனக்கும். ஆனி மாசம் இருமல் நிக்காமப் போச்சுன்னு டாக்டரம்மாகிட்டப் போனேன். நெஞ்சுக்குள்ள எடுத்த படத்தைக் காட்டினாங்க.

"அக்கா, இது நுரையீரலா இல்ல அடுப்புக்கட்டியா? இன்னும் ரெண்டு வருசம் இந்தப் புகையில நின்னீங்கன்னா ஆக்சிஜன் சிலிண்டரைக் கூட்டிக்கிட்டுத்தான் கக்கூஸுக்கே போகோணும்."

பயந்துட்டேனுங்க. அன்னிக்கே கரண்டு பாய்லர் ஒண்ணு சொல்லி வெச்சேன். அது ஆவணி மாசம் வந்து எறங்குச்சு. அட்டைப் பெட்டியில கட்டின கயித்தைக் கூட நான் அவுக்கலை, வேங்கடபதி சார் பட்டயத்தைத் தூக்கிட்டு வந்துட்டாரு.

வேங்கடபதி சார் அந்தத் துறையில ஸ்தல ஆய்வாளர். ஸ்தலம்னா அவருக்கு என்ர பெஞ்சு. இருபத்தாறு வருசமா இந்த வட்டாரத்துல எந்த வீடு, எந்தக் காடு, எந்தக் குட்டைன்னாலும் அவரு இங்க வந்து உக்காருவாரு. நெழல் இருக்கற கோடி அவரோடது. சக்கரை கம்மியா ஒரு டீ. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டேன்"னு எழுதுவாரு. குட்டையில தண்ணி இருக்குதான்னு எங்கிட்டக் கேட்டு எழுதின ஆளு அவரு. பழகறதுக்குத் தங்கமான மனுசன். வேலைன்னு வந்தா வாழைப்பழச் சோம்பேறி.

அவரு ஆடி மாசமே ஒரு கருவியோட வந்திருந்தாரு. மூணு கால், மேல உருண்டையா ஒரு டப்பா.

"என்னுங்க சார் இது, சோத்துப் போசியா?"

"ஏக்கமானிங்க்கா." பெஞ்சு மேல காலை விரிச்சு நிறுத்தினாரு. "முன்னெல்லாம் எது மரபு, எது குப்பைன்னு அஞ்சாறு பெரிய மனுசங்க ஏசி ரூம்ல உக்காந்து முடிவு பண்ணுவாங்க. இப்ப அதெல்லாம் இல்லை. சனங்களோட ஒடம்பே முடிவு பண்ணிரும்."

"ஒடம்பா?"

"ஒரு எடம் போயிருமேன்னு நெனைச்சா நாடியில, மூச்சுல, தோல்ல ஒரு மாறுதல் வருமில்லீங்களா? வாய் மறைச்சாலும் ஒடம்பு மறைக்காது. இது பத்தடி சுத்துல இருக்கற ஆளுகளைப் படிச்சு நூத்துக்கு மார்க் போடும். எழுபத்தஞ்சுக்கு மேலன்னா முதல் நிலை. நாப்பதுக்கு மேலன்னா பாதுகாப்பு. இருபதுக்குக் கீழ போச்சுன்னா விடுவிக்கத்தக்கது."

"விடுவிக்கறதுன்னா?"

"இடிச்சிரலாம்."

"அப்ப இடிக்கறதுன்னே எழுதறதுதானுங்க?"

"அப்படி எழுதினா சனங்க சங்கடப்படுவாங்கல்லங்க்கா."

கேட்டுக்கோங்க! வாய் இருக்கற சனங்ககிட்ட வாயால கேட்டா என்ன கேடு? கேட்டா பதில் வந்திருமே, அதான் கேடு.

"ஏழு நாளு ஸ்தலத்துல வைக்கோணும். லைன் வீடுகளுக்குத்தான் இந்தத் தடவை அளவு. பார்சல் ட்ரோன் எறங்கற மேடைக்கு எடம் கேக்கறாங்க" ன்னாரு.

"அப்ப அங்க கொண்டுபோயி வைங்க."

"அங்க நாய் கெடக்குதுங்க்கா. கடிச்சா யாரு பொறுப்பு? வெயில் வேற. லைன் சனங்கதான் பூராவும் இங்க வருதே."

ஏழு நாளும் அது என்ர பெஞ்சுலயே நின்னுச்சு. பக்கத்துலயே அவரும் உக்காந்திருந்தாரு, மாப்பிள்ளைத் தோழன் கணக்கா. லைன்ல சேதி பரவி, ஒவ்வொருத்தரா வந்து பெஞ்சுல உக்காந்து பொலம்பினாங்க. ஏழாம் நம்பர் வீட்டு ஜெசிந்தா டீயைக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்காமயே அழுதா. அவ ஆஸ்பத்திரியில துணி தொவைக்கற வேலை. மாமியாளுக்குக் கண்ணு தெரியாது. வேற ஏரியாவுக்குப் போனா அந்தக் கெழவிக்குக் கக்கூஸுக்கு வழி தெரியாதுன்னு அழுதா.

ஆவணியில பட்டயம் வந்துது. தொண்ணூத்தொண்ணு மார்க். கல்வெட்டு மாதிரி ஒரு பலகை, கீழ நிபந்தனைக பதினாலு. வேங்கடபதி சார் எந்திரிச்சு நின்னு படிச்சாரு, அசெம்பிளியில படிக்கற மாதிரி.

"நிபந்தனை ஒன்று: கூரை, சுவர், பெஞ்சு ஆகியன இருந்தவாறே இருத்தல் வேண்டும். நிபந்தனை இரண்டு: உரிமையாளர் இடம்பெயர்தல் கூடாது. நிபந்தனை மூன்று: இச்சின்னத்தின் உயிர்நாடியாகிய கரி பாய்லர் மாற்றமின்றி நாள்தோறும் இயங்குதல் வேண்டும்."

அதுக்கு மேல என்ர காதுல எதுவும் விழலை. அட்டைப் பெட்டியைப் பாத்தேன். அது சமத்தா ஓரமா நின்னுட்டிருந்துது.

"சார், கரி பாய்லர்னா நான் செத்துருவேன் சார்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க்கா. முதல் நிலைன்னா லேசுப்பட்டதா? மாவட்டத்துலயே மூணுதான்."

"நான் செத்தா?"

அவரு கண்ணாடியைக் கழட்டி, நிசமாவே புத்தகத்தைப் பொரட்டிப் பாத்தாரு. "வாரிசு இயக்கலாம்னு போட்டிருக்குது."

கெரகம் புடிச்ச புத்தகம்! என்ர புள்ள சூலூர்ல கம்பெனி வேலையில இருக்கறா. அவளும் வந்து இருமோணுமாம்.

இந்தப் பேச்சு முடியலை, ஜெசிந்தா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தா. கையில ஒரு தாளு. அதே துறை, அதே கையெழுத்து. லைன் வீடுகள் நாற்பத்திரண்டும் ஏக்கப் பதிவு ஏதும் இல்லாமையால் விடுவிக்கத்தக்கவை. காலி பண்ண அறுபது நாள்.

"பதிவு இல்லையாம்க்கா. நாங்க அழுதது எங்கதான் போச்சு?" ன்னு கேட்டா.

எங்க போச்சு? என்ர பேர்ல வரவாகிப் போச்சு. அந்தக் கருவி நின்ன எடம் எதுவோ, அந்த எடத்தையே அதுவாக் குறிச்சுக்குமாம். லைன் சனங்க வயிறெரிஞ்சதெல்லாம் டீக்கடை மார்க். லைன் வீட்டுக்குச் சைபர். புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கான கதை கேட்டிருக்கோம். இங்க கொரங்குக்குக் கும்பாபிசேகமே பண்ணிட்டாங்க.

நான் புடிச்சுக்கிட்டேன். "சார், தப்பு உங்களோடது. அளந்தது லைனை, அளந்த எடம் என்ர பெஞ்சு. மாத்தி எழுதுங்க."

"துறை தப்பு பண்ணிச்சுன்னு துறையே எப்படிங்க்கா எழுதும்? நீங்க ஆட்சேபணை குடுத்தா மறு அளவு எடுக்கலாம். முப்பது நாளுக்குள்ள."

"குடுக்கறேன். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. எனக்குக் கரண்டு பாய்லர், அவங்களுக்கு வீடு."

அப்படித்தானுங்க நெனைச்சேன். அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். அதுவரைக்கும் கரியை ஊதுனேன், இருமினேன், ஊதுனேன். துப்புனா கறுப்பா வந்துது.

இருபதாம் நாளு மறு அளவுக்கு வந்தாரு. மறு அளவுக்கு ஒரு நாளே போதுமாம். வந்தவரு வழக்கம்போல நெழல் கோடியில உக்காந்து கருவியைப் பெஞ்சு மேல வைக்கப் போனாரு. எனக்கு வந்துதே கோவம்!

"எந்திரிங்க சார். இருபத்தாறு வருசமா எழுதினீங்கல்ல, நேரில் பார்வையிட்டேன்னு? இன்னிக்காவது பாருங்க, வாங்க."

கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே ரோட்டைத் தாண்டினேன். ஒரு கையில மனுசன், ஒரு கையில அந்த ஏக்கமானிப் போசி. நாய் ஒண்ணு வந்து அவரை மோந்து பாத்துட்டு, இது எதுக்கும் ஆகாதுன்னு திரும்பிப் போயிருச்சு.

மொதல்ல ஜெசிந்தா வீடு. முந்தின நாள் மழை. உள்ள ஆறு பாத்திரத்துல தண்ணி சொட்டுது. செவுத்துல பூஞ்சை. கெழவி கட்டில்ல காலைத் தூக்கி உக்காந்திருந்தா. வேங்கடபதி சார் வாசப்படியிலயே நின்னுட்டாரு. அவரு ஒரு லைன் வீட்டுக்குள்ள தலையை விட்டது அன்னிக்குத்தான்.

கருவியை நடுவுல வெச்சு, "இந்த வீடு போயிருச்சுன்னு நெனைச்சுக்கோங்க" ன்னாரு.

"போனா நல்லதுதானுங்க சார்" ன்னா ஜெசிந்தா. ராத்திரி பூரா தண்ணி எறைச்ச கடுப்பு அவளுக்கு. "இது வீடா? பாடை. மழை பேஞ்சா ஒழுகுது, வெயிலடிச்சா வேகுது. எத்தனையோ நாளு, இடிஞ்சு விழுந்து தொலைய மாட்டேங்குதேன்னு இருந்திருக்குது."

"ஏ புள்ள, வாயை மூடுடி!" ன்னேன்.

"வாயை மூடிப் பிரயோசனமில்லீங்க்கா. ஒடம்பு..." ன்னு இழுத்தாரு வேங்கடபதி சார்.

நாப்பத்திரண்டு வீட்டுக்கும் போனோம். சாயங்காலம் வரைக்கும். எல்லா வீட்டுலயும் இதே பாட்டு. கக்கூஸ் கதவு இல்லை, எலி, ஓடு ஒடைஞ்சுது, எந்தப் பாவத்துக்கு இங்க வந்து சிக்கினோமோ. கடைசியில டப்பா மேல நம்பர் வந்துது. பன்னண்டு.

"இப்ப முறையாவே விடுவிக்கத்தக்கது" ன்னாரு. சந்தோசமாச் சொல்லலை, அதையும் சொல்லிரோணும்.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. "ஏன் சார், ஆறு பாத்திரத்தை வெச்சுத் தண்ணி புடிக்கறவளுக்கு வீட்டு மேல ஏக்கம் எப்படி வரும்? புடிக்கலைன்னா போறதுக்கு எடம் இருக்குதுன்னு அர்த்தமா? அதுக்கு இந்தப் போசியில ஏதாச்சும் கட்டம் இருக்குதா?"

"அந்தக் கட்டம் இல்லீங்க்கா."

"ஏக்கம் கோட்டையைப் பாத்தா வரும். டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்துட்டு, பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தர்றவனுக்கு வரும். குடியிருக்கறவனுக்கு எதுக்கு சார் ஏக்கம்?"

கடைக்குத் திரும்பி வந்தோம். ஜெசிந்தாவும் கூட வந்தா. நெழல் கோடியில சரிஞ்சு உக்காந்தாரு. பொத்தான் ஒண்ணு பச்சையா மின்னிட்டிருந்துது. அதை அழுத்துனா பன்னண்டும் ஆபீசுக்குப் போயிரும், தொண்ணூத்தொண்ணும் ரத்தாயிரும். எனக்குக் கரண்டு பாய்லர் கெடைக்கும். ஜெசிந்தா என்ர அட்டைப் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு அவ மூஞ்சியைப் பாக்க முடியலை.

"அந்தத் தொண்ணூத்தொண்ணு எப்படி சார் வந்துது? இதே சனந்தானே இங்க வந்து அழுதுது?"

"ஆளு ஆளாப் பிரிச்சே காட்டும்" ன்னு பழைய பட்டியலை எடுத்தாரு. ஜெசிந்தா அறுபத்தொண்ணு. நான் அம்பத்தஞ்சு. மத்தவங்க அம்பது, அறுபது. ஒரே ஒரு ஆளு, முதலாம் எண், நாளைக்கு எட்டு மணி நேரம், ஏழு நாளும், தொண்ணூத்தெட்டு. கருவியை ஒட்டி எத்தனை நேரம் உக்காந்தாங்களோ அந்தக் கணக்குக்குத்தான் மார்க்காம். அந்த ஒருத்தரு ஏத்தி விட்டதுதான் பூராவும்.

"யாரு சார் அது, பொழப்பத்த ஆளு?"

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. "நான் தை மாசம் ரிட்டையர் ஆகறேனுங்க்கா. இந்தப் பெஞ்சை விட்டா எனக்கு எங்க போறதுன்னு..."

அடப்பாவி மனுசா! நாப்பத்திரண்டு வீட்டுத் தலையெழுத்தை எழுத வந்த எடத்துல உக்காந்து, தனக்கு உக்கார எடம் போகுதேன்னு அழுதிருக்காரு. அதுக்கு அரசாங்கம் கல்வெட்டு வெச்சிருக்குது. எனக்கு வந்த சிரிப்புல இருமல் புடிச்சு, ஜெசிந்தா ஓடி வந்து முதுகைத் தட்டினா.

இருமல் நின்னதும் அவரு மெதுவாச் சொன்னாரு. "பொத்தானை அழுத்திரட்டுங்களா? அழுத்திட்டா எனக்கும் ஒரு வேலை மிச்சம். காட்சி எல்லை வரையத் தேவையில்லை."

"அது என்ன எழவு?"

"நிபந்தனை பதினொண்ணுங்க்கா. அன்னிக்கே படிச்சேனே. முதல் நிலைச் சின்னத்துல உக்காந்து பாத்தா கண்ணுக்குத் தெரியற எந்தக் கட்டடத்தையும் மாத்தவோ இடிக்கவோ கூடாது. எதெது தெரியுதுன்னு ஸ்தலத்துல உக்காந்து நான் வரைஞ்சு அனுப்போணும். அந்த வரைபடத்துக்கு முன்னால வேற எந்த உத்தரவும், இடிக்கற உத்தரவு கூட, நிக்காது."

நான் ஜெசிந்தாவைப் பாத்தேன். ஜெசிந்தா ரோட்டைப் பாத்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆட்சேபணையை நான் வாபஸ் வாங்கிட்டா?"

"ஆட்சேபணை இல்லைன்னா மறு அளவு இல்லை. மறு அளவு இல்லைன்னா இந்தப் பன்னண்டும் இல்லை." சொல்லச் சொல்ல அவருக்கே வெளங்கிருச்சு. "ஆனா அக்கா, கரி பாய்லர்..."

"அக்கா வேண்டாம்" ன்னா ஜெசிந்தா. "எங்களுக்காக நீங்க மூச்சடைச்சுச் சாகறதா? நாங்க எங்காச்சும் போயிக்கறோம்."

"எங்கடி போவே? வாயிருக்குதுன்னு பேசாதே."

என்னை ரொம்ப நல்லவளுன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கு உள்ள அழுகையா வந்துது. அந்தப் பெட்டியை எட்டி ஒதைக்கலாம்னு இருந்துது. நாப்பத்திரண்டு வீடு போனா டீ குடிக்க எவன் வருவான், ட்ரோனா வரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாபஸ் தாள்ல கையெழுத்துப் போட்டேன்.

"வரைங்க சார்."

பேப்பரை எடுத்து, நெழல் கோடியில உக்காந்தபடியே எண்ண ஆரம்பிச்சாரு. "முப்பத்தாறு வீடு தெரியுதுங்க்கா. கடைசி ஆறை டிரான்ஸ்பார்மர் மறைக்குது."

"பெஞ்சை நகர்த்தறேன்."

"நகர்த்தக் கூடாது. நிபந்தனை ஒண்ணு."

"அப்ப நீங்க நகருங்க."

பெஞ்சோட அந்தக் கோடியில வெயில் சுள்ளுன்னு அடிக்கும். இருபத்தாறு வருசத்துல அவரு அங்க உக்காந்ததே கெடையாது. நகர்ந்தாரு. நெத்தியில கையை வெச்சுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா எண்ணுனாரு. நாப்பத்திரண்டும் தெரிஞ்சுது. வரைஞ்சாரு. கீழ, ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டேன்னு எழுதினாரு. அவரு எழுதினதுலயே நெசமானது அது ஒண்ணுதான்.

இந்த மார்க் வருசா வருசம் அளப்பாங்களாம். கொறைஞ்சா எல்லாம் போச்சு. "கொறையாதுங்க்கா, ரிட்டையர் ஆனாலும் நான் தெனமும் வருவேன்" ன்னு தாளை மடிச்சுக்கிட்டே சொன்னாரு, எனக்கு என்னமோ ஒபகாரம் பண்ணற மாதிரி.

"தெனமும் வரோணும். விடியக்காலையில அஞ்சு மணிக்கு வரோணும்."

"அஞ்சு மணிக்கு எதுக்குங்க்கா?"

நிபந்தனை மூணைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கரி பாய்லர் மாற்றமின்றி நாள்தோறும் இயங்குதல் வேண்டும்னு படிச்சாரு.

"இயங்கோணும்னுதானே போட்டிருக்குது? யாரு ஊதோணும்னு போட்டிருக்குதா?"

பொரட்டிப் பாத்தாரு. பதினாலு நிபந்தனையையும் பாத்தாரு. போடலை.

பனையோலை விசிறியை அவரு கையில குடுத்தேன்.

மறுநாள் வந்தாரு, பாவம், தலைக்கு மப்ளர் கட்டிக்கிட்டு. நான் புகை வராத அந்த வெயில் கோடியில உக்காந்து, ஜெசிந்தா வீட்டு வெளக்கு எரியறதைப் பாத்துட்டிருந்தேன். டாக்டரம்மாகிட்ட அவருக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்கி வைக்கோணும். மொத நாளே இருமறாரு.